நான்காவது கோல்

அத்தியாயம் 11

வைக்கோல் பரணில் நேற்று மாலை கண்டெடுத்ததைப் பற்றி ஒத்தீலியா யாரிடமும் மூச்சுவிடவில்லை. ராத்திரி தூங்கவும் இல்லை.

சிவப்புப் பட்டில் சுற்றி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டிருந்தது. மண்டபத்து அலமாரியில் திருவிழாக் கோல்களை அப்படித்தான் சுற்றி வைப்பார்கள். முடிச்சைப் பார்த்ததுமே அது யார் போட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கன்றுக்குட்டியைக் கட்டினாலும், காலணிக் கயிற்றைக் கட்டினாலும் அப்பாவின் முடிச்சு அப்படித்தான் இருக்கும்.

உள்ளே இருந்தது நான்காவது கோல். டிசம்பரிலிருந்து போலீஸ் தேடிய கோல்.

டிசம்பரில் நடந்ததை மொந்தே செக்கோவில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ‘அந்தச் சனிக்கிழமை’ என்பார்கள். அதற்கு மேல் பேச மாட்டார்கள்.

நகரத்துப் பூங்காவில் நடந்திருக்க வேண்டிய ராக் கச்சேரி அது. அங்கே அனுமதி கிடைக்கவில்லை. இன்னொரு இடம் பார்த்தார்கள், அதுவும் கைநழுவியது. கடைசி நேரத்தில் ஊருக்கு வெளியே இருந்த பழைய கார் பந்தயத் திடலைப் பிடித்தார்கள். திடல் போதாது, பக்கத்து மேய்ச்சல் சரிவும் வேண்டும் என்றார்கள். சரிவு எர்மீனியோ தோஷ்டேக்குச் சொந்தம். ஒத்தீலியாவின் அப்பா.

தோல் செருப்பும் நீளமுடியுமாக ஒரு பையன் வந்து கேட்டான். டிக்கெட் விலை என்ன என்றார் அப்பா. டிக்கெட்டே இல்லை, எல்லாருக்கும் இலவசம் என்றான் பையன். அந்த ஒரு சொல்லில் அப்பா விழுந்துவிட்டார்.

பரிசுத்த ஆவி சபைக்கு அவர்தான் தலைவர். கடல் கடந்து ஒரு தீவிலிருந்து வந்து இந்தப் பள்ளத்தாக்கில் மாடு வளர்க்கும் குடும்பங்களின் சபை. அவர்களுடைய திருவிழாவும் இலவசம்தான். யார் வந்து உட்கார்ந்தாலும் சாப்பாடு உண்டு. நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்கக் கூடாது. இந்தப் பிள்ளைகளும் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள் என்று அப்பா நினைத்தார். சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று மட்டும் கேட்டார். பையன் சிரித்துவிட்டுப் போனான்.

மேடை வந்து இறங்கியது. முழங்கால் உயரம். குன்றின் உச்சியில் வைக்கச் செய்த மேடை. அதைச் சரிவின் அடியில் போட்டார்கள். கூட்டம் முழுவதும் மேலிருந்து அழுத்தும். சுற்றி வேலி கிடையாது. தண்ணீர் கிடையாது. பையனுக்கே கொஞ்சம் உதறல் எடுத்தது.

“வேலி எதுக்குப்பா?” என்று கேட்டவர் அப்பா. “நாலு கோலு போதும்.”

திருவிழாப் பவனியில் ராணியாக நடக்கும் பெண்ணைச் சுற்றி, நாலு மூலைக்கு நாலு பேர் நின்று, நாலு கோல்களை இடுப்பு உயரத்தில் கிடையாகப் பிடித்துச் சதுரமாக நடப்பார்கள். அந்தச் சதுரத்துக்குள் வெளியாள் யாரும் கால் வைத்ததில்லை. குடித்துவிட்டு வருகிறவன்கூட அதைக் கண்டால் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்குவான். ஆயிரம் பேர் மதிக்கிற கோலை லட்சம் பேர் மதிக்க மாட்டார்களா? அப்பா போட்ட கணக்கு அவ்வளவுதான்.

மகன் துவார்த்தேயும் மூன்று உறவுக்காரப் பையன்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மேடைப் படிகளைச் சுற்றிச் சதுரம் பிடித்து நின்றார்கள். காவலுக்கு வந்திருந்த மோட்டார் சைக்கிள் கும்பல் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. அந்தக் கும்பலுக்குக் கூலி பீர். மத்தியானத்துக்குள் பாதிக் கூலியைக் குடித்துவிட்டு, மூன்று கோல்களைப் பிடுங்கிக்கொண்டு, கையில் கிடைத்தவர்களை எல்லாம் அடிக்க ஆரம்பித்தார்கள்.

பொழுது சாயும்போது மேடைக்கு முன்னால் டெரன்ஸ் ஓடெல் என்ற பையன் செத்துக் கிடந்தான். பின்மண்டையில் உருண்டையாக ஒரு காயம். கோல்முனைப் பித்தளைக் குமிழ் சரியாகப் பொருந்தும் காயம்.

மூன்று கோல்கள் சேற்றில் கிடைத்தன. மூன்றின் குமிழ்களும் அந்தக் காயத்தை உண்டாக்கியவை அல்ல என்று நிபுணர் சொன்னார். நான்காவது கிடைக்கவில்லை. அது இல்லாமல் யார் கை அடித்தது என்று சொல்ல முடியாது. கைதாகியிருந்த மோட்டார் சைக்கிள்காரனைப் போன வாரம் நீதிமன்றம் விடுவித்தது.

இன்று பெந்தெகொஸ்து ஞாயிறு. திருவிழா. தங்கை நத்தாலியாதான் இந்த வருஷ ராணி.

*

திருவிழா என்றாலும் மாடு கறந்தாக வேண்டும். ஒத்தீலியா கொட்டகைக்குப் போனபோது துவார்த்தே பாதி வரிசையை முடித்திருந்தான். காலில் ரப்பர் பூட்ஸ். தலையில் மட்டும் இப்போதே எண்ணெய் தடவி, பவனிக்குத் தயாராக வாரியிருந்தான்.

“நாலாவது கோலு பரண்ல இருக்கு,” என்றாள்.

அவன் பசுவின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்,” என்றான்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. அப்பா எங்கிருந்தோ எடுத்து வந்து ஒளித்திருக்கிறார், ஏதோ மானம் மரியாதைக்காக, என்றுதான் ராத்திரி முழுவதும் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

“அப்பாவா எடுத்துட்டு வந்தாரு?”

“நான்தான். லாரியில, சாக்குக்கு அடியில போட்டு.”

பால் இயந்திரம் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் துணியைப் பிழிந்தான். மறுபடி நனைத்தான். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். ரொம்ப நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவனைப் போல.

மற்ற மூன்று பேரும் கோலைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார்களாம். இவன் கொடுக்கவில்லை. அதில் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்ததாம். தன்னந்தனியாகப் படிக்கு முன்னால் கோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே கும்பலில் நாலைந்து பேர் அந்த ஓடெல் பையனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் எப்படியோ நழுவி வெளியே வந்தான்.

“என்னைப் பாத்துதான்க்கா வந்தான்.”

அவன் துணியை வாளி விளிம்பில் போட்டான்.

“அங்க நின்ன எல்லாரும் தோல் ஜாக்கெட். நான் மட்டும் வெள்ளைச் சட்டை. என் மூஞ்சியப் பாத்தான். பாத்துட்டு நேரா ஓடி வந்து, குனிஞ்சு, கோலுக்கு அடியில பூந்துட்டான். உள்ள வந்துட்டான்க்கா.”

“சரி.”

“உள்ள யாரும் வரக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு.”

பசு காலை மாற்றி வைத்தது. அவன் அதன் இடுப்பைத் தட்டிக் கொடுத்தான். கறக்கும் குழாயைக் கவனமாகப் பொருத்தினான். அந்தக் கவனத்தைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது.

“ஒரே அடிதான்,” என்றான். “அப்புறம் அவனுங்க வந்து இழுத்துட்டுப் போயிட்டானுங்க. அவனுங்களும் அடிச்சானுங்க. எதுல செத்தான்னு எனக்கென்ன தெரியும்?”

“தெரியாதா உனக்கு?”

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போனான்.

*

அப்பா கறுப்புக் கோட்டு போட்டு, சபையின் கொடியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒத்தீலியா விஷயத்தைச் சொன்னதும் கொடியை மெதுவாகக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. மறுக்கவும் இல்லை. தன் பக்கத்து நியாயத்தை வரிசையாகச் சொன்னார். இப்படி ஒரு நாள் வரும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

கேஸ் முடிந்துவிட்டது. நம் வீட்டுத் தப்புக்காக வேறு ஒருத்தன் ஜெயிலுக்குப் போகவில்லை. போயிருந்தால் தானே போய்ச் சொல்லியிருப்பேன் என்றார். அந்த நாலைந்து பேர் அடித்த அடியில் எது உயிரை எடுத்தது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். துவார்த்தேக்கு வாழ வேண்டிய வயது. இப்போது சொன்னால் யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

ஒத்தீலியாவுக்குச் சட்டென்று பேச வராது. பேச வேண்டியது எல்லாம் பிறகு, தனியாக இருக்கும்போதுதான் வரும். வேறு எதையோ கேட்டாள்.

“அதை ஏம்ப்பா எரிக்காம வெச்சிருந்தீங்க?”

அப்பா முதல் தடவையாக அதிர்ந்து பார்த்தார்.

“மந்திரிச்ச கோலும்மா அது. என் தாத்தா தீவுலேருந்து கப்பல்ல கொண்டாந்தது. அதைச் சாமியார் கையாலதான் எரிக்கணும். அவர்கிட்ட என்னன்னு சொல்லிக் குடுக்கிறது?”

நிஜமாகவே அந்தச் சிக்கலில்தான் அவர் ஐந்து மாதமாக மாட்டிக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே அடுப்பில் வைத்திருப்பார்கள். இவர் பட்டுத் துணி தேடி எடுத்துச் சுற்றி வைத்திருக்கிறார். மண்டை உடைந்த பையனுக்கு ஒரு பூசை வைக்கக்கூடத் தோன்றாதவர், கோலுக்கு மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டார்.

“தங்கச்சிக்கு இன்னிக்கு நாளு. அதைக் கெடுத்துடாதே,” என்றார் அப்பா. கொடியை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அவள் பரணில் ஏறினாள். கோலைப் பட்டோடு இறக்கி, தன் பழைய லாரியின் பின்பக்கம், காலிச் சாக்குகளுக்கு அடியில் வைத்தாள். எதற்கு என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த வீட்டில் அது இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

*

மண்டபத்துச் சமையலறையில் அண்டா அண்டாவாக மாட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. பட்டையும் புதினாவும் மணத்தன. பூசை முடிந்து பவனி திரும்பியதும், தட்டில் ரொட்டி வைத்து, அதன்மேல் இந்தச் சாற்றை ஊற்றி ஊருக்கே கொடுப்பார்கள். பெலிஸ்மீனா அத்தையின் ராஜ்ஜியம் அது. கரண்டியைக் கையிலிருந்து வைக்காமலே அவள் ஊரில் எல்லாரையும் ஒரு பிடி பிடித்துவிடுவாள்.

“வாடி. என்ன மூஞ்சி இது? ஆலையில நாள் பூராப் பாலைச் சோதிச்சுச் சோதிச்சு, மூஞ்சியும் திரிஞ்ச பால் மாதிரியே ஆயிட்டுது. இப்படி வந்து நின்னா எவன்டி கட்டுவான்?”

பக்கத்தில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒத்தீலியா ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மண்டபத்தில் நீள மேஜைகள் இன்னும் காலியாக இருந்தன. ஒரு மேஜையின் ஓரத்தில் மட்டும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒத்தீலியாவுக்கு உடனே தெரிந்தது. செய்தித்தாளில் போட்ட படத்திலும் அதே கோட்டுதான்.

பின்னாலேயே வந்த அத்தைக்கும் தெரிந்துவிட்டது. அவள் குரலைத் தாழ்த்தி ஒத்தீலியா பார்த்ததே இல்லை. இப்போது தாழ்த்தினாள். “பஸ்ல வந்திருக்கு. ஸ்டாக்டன்லேருந்து. மகன் செத்த இடத்தைப் பாக்கணுமாம். திருவிழான்னு தெரியாம வந்துடுச்சு.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“உங்கப்பாதான் உக்கார வெச்சாரு. வந்தவங்களைப் போன்னு சொல்ல முடியுமா இன்னிக்கு? தலைவர் மேஜையில உக்காருங்கன்னு வேற சொல்லிட்டாரு. சொல்லிட்டுக் கழிவறைக்குப் போனவர் இன்னும் வரலை.”

அதற்குள் டெரன்ஸின் அம்மா லொரெய்ன் ஓடெலுக்கு முன்னால் நத்தாலியா வந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கவுன், தலையில் சுருள் சுருளாகப் பின்னல். யாரிடமும் பேச்சுக் கொடுத்துவிடுவாள் அவள். ராணியின் நீளமான சிவப்பு வெல்வெட் அங்கியை மேஜைமேல் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். குளிர்காலம் முழுக்க அத்தை தங்க நூலால் பூவேலை செய்த அங்கி.

லொரெய்ன் ஓரத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள். “எத்தனை பேர் கண்ணு கெட்டிருக்கும் இதைத் தைக்கிறதுக்குள்ள,” என்றாள்.

ஒத்தீலியா இனிப்பு ரொட்டியும் காப்பியும் கொண்டு வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

“நீயும் உக்காரும்மா,” என்றாள் லொரெய்ன். “உங்கப்பா நல்லவரு. நான் யாருன்னு சொன்னதும் அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.”

ஒத்தீலியா உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. பீச் பழம் அடைக்கும் ஆலையில் வேலை, மகனும் அங்கேதான் இருந்தான் என்று சொன்னாள். ரொட்டியைப் பிய்த்தாள், ஆனால் சாப்பிடவில்லை. நீதிமன்றத்துக்குத் தினமும் போனாளாம். அங்கே சொன்ன ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவே இல்லையாம்.

“அவன் மேடைமேல ஏறப் பாத்தான்னு சொன்னாங்க. அதனாலதான் அடிச்சாங்களாம். வக்கீல் சொன்னாரு, சாட்சி சொன்னவங்க சொன்னாங்க, பேப்பர்லயும் போட்டான். ரவுடிப் பயன்னு.” அவள் நத்தாலியாவைப் பார்த்தாள். “ஏம்மா, பள்ளிக்கூடத்துல ஒரு நாடகம். மரமா நிக்கணும். பேச்சே கிடையாது. அதுக்கே மேடை ஏற மாட்டேன்னு அழுது ஜுரம் வந்தவன் என் பையன். நாலு பேர் பாத்தாலே கூசுவான். அவன் எதுக்கு லட்சம் பேர் முன்னால மேடை ஏறப் போனான்?”

நத்தாலியா அக்காவைப் பார்த்தாள்.

“தண்டனை கிண்டனை எல்லாம் நான் கேக்கலை,” என்றாள் லொரெய்ன். “அவன் ஏன் அங்க போனான்னு மட்டும் யாராச்சும் சொன்னா, நான் வீட்டுக்குப் போயிடுவேன். பெத்தவ எனக்கே தெரியாத ஒரு பிள்ளையைப் பொதைச்சுட்ட மாதிரி இருக்கு.”

ஒத்தீலியா வாயைத் திறந்தாள். ‘பயந்து ஓடி வந்தான். என் தம்பியைப் பார்த்து, இவன் நல்லவன், காப்பாற்றுவான் என்று நினைத்து வந்தான்.’ இவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

“காப்பி ஆறிடும்,” என்றாள். எழுந்து வெளியே போய்விட்டாள்.

மண்டபத்துக்குப் பின்னால் லாரியில் சாய்ந்து நின்றாள். தன்மேலேயே வெறுப்பாக வந்தது. இப்போது சொன்னால் யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று அப்பா கேட்டாரே. யாருக்கு என்று உள்ளே கோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி. அவளை உட்கார வைத்தவரும் அப்பாதான். கண் கலங்கிவிட்டுக் கழிவறைக்குள் ஒளிந்துகொண்டவரும் அவர்தான்.

பின்வாசல் கதவோரம் நாலு கோல்களும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மூன்று பழையவை, கை பட்டுப் பட்டு வெள்ளைச் சாயம் மங்கியவை. ஒன்று புதியது. நேற்றுப் பூசிய சாயத்தில் பளபளவென்று இருந்தது.

ஒத்தீலியா சாக்குகளை விலக்கினாள். முடிச்சு சுலபத்தில் அவிழவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்தாள். உள்ளிருந்த கோலைக் கதவோரம் மூன்று பழையவற்றோடு சாய்த்து வைத்தாள்.

புதிய கோலைச் சமையலறைக்குள் எடுத்துப் போய் விறகோடு வைத்தாள். அதை யாரும் மந்திரிக்கவில்லை, எரிந்தாலும் பாவமில்லை. அத்தை கரண்டியோடு திரும்பி, அது என்னடி என்று கேட்டாள். ஒத்தீலியா அதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

*

மேளக்காரர்கள் முன்னால் போய் நின்றார்கள். பங்குக் கோயில் மணி அடித்தது. அப்பா கொடியைத் தூக்கினார். மூன்று உறவுக்காரப் பையன்களும் ஆளுக்கொரு மூலையாக நின்றார்கள். நாலாவது மூலைக்குத் துவார்த்தே, வெள்ளைச் சட்டையில்.

டிசம்பரில் போட்ட அதே சட்டைதானா என்று ஒத்தீலியா யோசித்தாள். வெளுத்திருப்பார்கள்.

கோலை நீட்டினார்கள். அவன் வாங்கினான். வாங்கிய பிறகுதான் பார்த்தான்.

கோல்முனையில் சாயம் பெயர்ந்திருந்தது. பித்தளைக் குமிழ் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அந்த இடுக்கில் கறுப்பாக ஏதோ காய்ந்து போயிருந்தது. துவார்த்தே அதைப் பார்த்தான், பிறகு கூட்டத்தில் அக்காவைத் தேடினான். அவள் தலையைக் குனியவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவன் மட்டும் பார்க்கவில்லை. நடைபாதையில் வரிசையாக நின்ற பெரியவர்களும் பார்த்தார்கள். சின்ன வயதில் அந்தக் கோல்களைப் பிடித்து நடந்தவர்கள். எது புதியது, எது பழையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள். ஒருவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். ஒருவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, மேளத்தைப் பார் என்றார். அவ்வளவுதான். ஊர் ஒரு நொடியில் முடிவெடுத்துவிட்டது. யாரும் எதையும் பார்க்கவில்லை.

அப்பா திரும்பினார். கோலைப் பார்த்தார். ஆனால் கை தானாகவே கொடியை உயர்த்தியது.

“நடங்க,” என்றார்.

மேளம் ஆரம்பித்தது. சதுரம் நகர்ந்தது. நடுவில் நத்தாலியா, பின்னால் இழுபடும் வெல்வெட்டோடு. நடக்கத்தான் போகிறார்கள். கோயில்வரை நடந்து, பூசை கேட்டு, கிரீடம் சூட்டி, திரும்பி வந்து இறைச்சி சாப்பிடத்தான் போகிறார்கள். அந்தக் கோலோடு. லொரெய்ன் ஓடெலுக்கும் ஒரு தட்டு வைப்பார்கள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று உபசரிப்பார்கள்.

லொரெய்ன் ஒத்தீலியாவின் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், கைப்பையைப் பிடித்தபடி. “பொண்ணு அழகா இருக்கா,” என்றாள்.

அப்போது நத்தாலியா நின்றுவிட்டாள்.

ராணி நின்றால் சதுரம் நிற்க வேண்டும். நின்றது. மேளக்காரர்களுக்குத் தெரியாது, அவர்கள் வாசித்துக்கொண்டே போனார்கள்.

“இது எங்க இருந்துச்சு, அண்ணா?” என்றாள் நத்தாலியா.

துவார்த்தே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே. யாருகிட்ட இருந்துச்சு?”

“நட, நத்தா. எல்லாரும் பாக்கறாங்க.”

“அந்தம்மா காலையிலேருந்து கேட்டுட்டே இருக்காங்க. உனக்குத் தெரியுமா அது?”

அவன் கோலை இறுக்கிப் பிடித்தான். நத்தாலியா அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாறு வயது. ஆனால் வீட்டில் ஐந்து மாதமாக யாரும் சத்தமாகச் சிரிக்காததற்குக் காரணம் அந்த நேரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கழுத்தடியில் இருந்த கொக்கியைக் கழற்றினாள். வெல்வெட் அங்கி தெருவில் விழுந்தது. அவள் குனிந்து, கோலுக்கு அடியில் புகுந்து, வெளியே வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண்டபத்துப் பக்கம் போய்விட்டாள்.

ராணி இல்லாத சதுரத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் தெரு நடுவில் நின்றார்கள். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்னால் மேளம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

“பொண்ணுக்கு உடம்புக்கு என்ன?” என்றாள் லொரெய்ன்.

ஒத்தீலியா பதில் சொல்வதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். அந்த வெல்வெட் புழுதியில் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. எத்தனை பேர் கண் கெட்டுத் தைத்தது அது. வேகமாக நடந்து போனாள். யாரும் தடுக்கவில்லை. அது வெளியாள் நுழையக் கூடாத இடம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவள் போனது துவார்த்தேயின் மூலைக்கு. அங்கேதான் இடைவெளி இருந்தது போல் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்து, வழி விடுப்பா என்பது போல் லேசாகச் சிரித்தாள். பிறகு குனிந்து, கோலுக்கு அடியில் உள்ளே நுழைந்தாள்.

அவளுடைய நரைத்த பின்தலை ஒரு கணம் அந்தப் பித்தளைக் குமிழுக்கு நேர் கீழே இருந்தது.

துவார்த்தே கையை விட்டுவிட்டான்.

கோல் தார்ச் சாலையில் விழுந்த சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. லொரெய்ன் நிமிர்ந்தாள். அங்கியை எடுத்துப் புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தவள், அந்தப் பையன் ஏன் இப்படித் தன்னைப் பார்க்கிறான் என்று பார்த்தாள். அப்பா கொடியோடு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

“உங்க பையன் மேடைமேல ஏறலம்மா,” என்றான் துவார்த்தே.

தெருவில் எல்லாருக்கும் கேட்டது. இந்த முறை ஒருவரும் தொப்பியைச் சரி செய்யவில்லை. வெல்வெட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மீதியைக் கேட்க லொரெய்ன் ஓடெல் சதுரத்துக்குள் நின்றாள்.